ருசி பார்க்கும் விதி

நாற்பதுகளில் மழை பொய்த்த ஒரு வருஷம், குன்னம் பக்கத்துக் கஞ்சித் தொட்டி ஒன்றை வாரம் ஒருமுறை பார்வையிடும் வேலை என் தலையில் விழுந்தது. பெரம்பலூர் தாலுகா ஆபீஸில் அப்போது நான் குமாஸ்தா. நிவாரண விதிகள் அத்தனையும் மனப்பாடம். சாமான் ஏற்றிவரும் வண்டிமாடு நொண்டினால் என்ன செய்வது என்பதற்குக்கூட விதி இருந்தது. கஞ்சி ஊற்றுகிறவர் மனம் ஒடிந்துபோனால் என்ன செய்வது என்பதற்கு இல்லை.

தொட்டிக்குப் பொறுப்பாளர் ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து அனுப்பப்பட்ட ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்டாவைச் சுற்றிவருவதை எனக்கு எதிரிலேயே நடித்துக் காட்டுவார். சமையல்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தத் தணிக்கைக்காகவே நான் வாரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் நடிப்பு நின்றுபோனது. சீட்டு இல்லாதவர்களுக்கு ஊற்றக் கூடாது என்பது விதி. அதை எழுதியவர்கள் எங்கோ இருந்தார்கள்; முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் இவர். இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒருத்தியை, மணியக்காரரிடம் சீட்டு வாங்கி வரும்படி திருப்பி அனுப்பியிருக்கிறார். அவள் பிறகு வரவேயில்லை. அன்றிலிருந்து வரிசையில் அவளைத் தேடிக்கொண்டே ஊற்றினார்.

அம்மாள் என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள். “வாத்தியாரு ஒழுங்கா சாப்புட்டு நாலு நாளாச்சுங்க. கேட்டா ஆச்சுங்கறாரு. எங்க ஆச்சு, காத்துலயா?”

விதிகளைப் புரட்டினேன். பொறுப்பாளர் ருசி பார்த்த பிறகே பரிமாற வேண்டும் என்று ஒன்று இருந்தது. எவ்வளவு என்று இல்லை. பெரிய பித்தளை டம்ளர் நிறைய ஊற்றச் சொல்லி அவரிடம் நீட்டினேன்.

“இவ்வளவா சார் ருசி பாக்கறது?”

“அளவு போடலைங்க. போடாத எடத்துல தணிக்கைக்கு வந்தவன் சொல்றதுதான் அளவு. நீங்க குடிக்கிற வரைக்கும் வரிசை நகராது.”

வரிசையைப் பார்த்தார். குடித்தார். பாதியில் கண்ணீர் டம்ளருக்குள் விழுந்தது. உப்பு சரியாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

அதன்பின் வாரத் தணிக்கையை நானாகவே தினசரி ஆக்கிக்கொண்டேன். வேலை முடிந்ததும் வறண்ட ஏரிக்கரையில் உட்காருவோம். திரும்பி வராத அந்தப் பெண்ணைப் பற்றியே அவர் பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சாயங்காலங்களுக்கு ஈடாக வேறொன்று எனக்கு வாய்க்கவில்லை. ஆனாலும் கரண்டியைக் கையில் எடுத்ததும் அவர் கண் மறுபடி வரிசைக்குப் போய்விடும். கேட்பதால் மட்டும் ஆகாது, அவர் இங்கே இருக்கக் கூடாது என்று எனக்கு மெல்லத்தான் உறைத்தது.

நிர்வாக நலன் கருதி அவரைப் பள்ளிக்கே திருப்பி அனுப்பலாம் என்று குறிப்பு எழுதினேன். என் குறிப்புகளிலேயே ஒரு கேள்வியும் கேட்கப்படாமல் கையெழுத்தானது அது ஒன்றுதான். வண்டியேறும்போது கையைப் பின்னால் கட்டி, என்னைப்போல் நாலு அடி நடந்து காட்டினார். “போயிட்டு வரேன் சார்” என்றார். வரவில்லை. கடிதம் ஒன்று வந்தது: பிள்ளைகள் சத்தம் தாங்க முடியவில்லை, நன்றாகப் பசிக்கிறது.

அடுத்த தணிக்கையில் புதுப் பொறுப்பாளர் ஒரு கரண்டி ருசி பார்த்தார். போதும் என்று எழுதினேன். கிளம்பும்போது அம்மாள் அதே டம்ளரை நிறைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

“நீங்க சாப்புட்டு எத்தினி நாளாச்சு சார்?”

வாங்கிக் குடித்தேன். உப்பைப் பற்றி அன்று எதுவும் எழுதவில்லை.