பீர் முஹம்மது குடித்த ஒரு வாய்

மீர்சாகிப்பேட்டையில் பீர் முஹம்மது அறுத்த ஆடு என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. ஆட்டின் கண்ணில் படும்படி கத்தியைத் தீட்டமாட்டார். தண்ணீர் காட்டாமல் படுக்க வைக்கமாட்டார். ஓர் ஆட்டின் முன்னால் இன்னோர் ஆட்டை அறுக்கமாட்டார். "ஆட்டுக்கு இம்மாம் உபசாரமா? சம்பந்தி வூடா இது?" என்று கடை முதலாளி இனாயத் கிண்டல் செய்வார். பீர் சிரித்துவிட்டு, பிஸ்மில்லா சொல்லிக் கத்தியை எடுப்பார்.

அவர் மனைவி அஸ்மத்துன்னிசா அவருக்கும் ஒரு படி மேலே. கணவர் கை அறுக்காத கறியைத் தொடமாட்டாள். கல்யாண வீட்டுப் பிரியாணியானாலும் யார் அறுத்தது என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள். பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதத்தில் பீருக்கு உள்ளூரப் பெருமைதான்.

முப்பத்திநாலாம் வருஷத்து மழைக்காலத்தில் அவளுக்குப் பிறந்த குழந்தையும் தங்கவில்லை, அவள் உடம்பும் தேறவில்லை. எலும்புச் சாறு விடாமல் கொடுக்க வேண்டும், நின்றால் ஆள் தாங்காது என்று ஹகீம் சொல்லிவிட்டார். கடையில் கூலியோடு எலும்பும் கிடைத்ததால் சாறு நிற்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மந்தையில் நோய் விழுந்தது. கடைக்கு வரும் வண்டியிலேயே ஆடுகள் செத்துக் கிடந்தன.

"கழுத்துல ஒரு கோடு இழுத்துடு பீரு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் இனாயத்.

"செத்தது ஹராம் முதலாளி. துன்றவன் என் கைய நம்பித் துன்றான்."

"அப்போ அந்தக் கையத் தூக்கிக்கினு வூட்டுக்குப் போ."

போனார். நோய்க் காலத்தில் வேறு எந்தக் கடையிலும் வேலை இல்லை. நியாயம் பேசியவன் வீட்டு அடுப்புதான் முதலில் அணைகிறது. உலகத்து லட்சணம் அப்படி. அஸ்மத்துக்குக் கஞ்சித் தண்ணீரும் வயிற்றில் தங்காமல் போனது.

பக்கத்து வீட்டுத் தாயம்மா மனசு கேட்காமல் இனாயத் கடையிலிருந்தே எலும்பு வாங்கி வந்தாள். "இன்னா பாய், பாத்துக்கினே கீறே? கொதிக்க வச்சு அக்காவுக்குக் குடு."

இலையைப் பிரித்ததுமே பீருக்குத் தெரிந்துவிட்டது. சதை கறுத்து, ரத்தம் வடியாமல் எலும்போடு உறைந்திருந்தது. செத்த ஆடு. உயிர் போகிற நிலையில், வேறு வழியே இல்லாதவருக்கு மார்க்கத்தில் விலக்கு உண்டு. சொன்னால் அந்த விலக்கையும் அவள் வேண்டாம் என்பாள். மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தார்.

கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனதும் கேட்டாள். "உங்க கையால அறுத்ததுதானே?"

"ஆமா. இன்னிக்கு ஒரு வூட்டுல அறுக்கக் கூப்ட்டாங்க."

நிம்மதியாகக் குடித்தாள். பாதியில் நிறுத்தி, கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். "நீங்களும் பட்டினிதானே? ஒரு வாய் குடிங்க. அப்பத்தான் மிச்சத்த நான் குடிப்பேன்."

விலக்கு அவளுக்குத்தான், அவருக்கு இல்லை. பட்டினி கிடந்தாலும் அவர் சாகிற நிலையில் இல்லை. வேண்டாம் என்றால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

குடித்தார். மிச்சத்தை அவள் குடித்தாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை தொழுகைவரைகூட அவள் தங்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் இனாயத் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மந்தை வந்துவிட்டதாம்.

"பழசெல்லாம் விடு. திரும்பி வா. ஊரே உன் கைய நம்பிக்கினு கீது."

பீர் தன் கையைப் பார்த்தார். அவளுடைய குழியில் அவர் தள்ளிய மண் அதில் இன்னும் ஒட்டியிருந்தது.

"நான் நம்பல முதலாளி" என்றார்.