காப்புக் கட்டிய கையும் குளத்து விராலும்

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அழகேசன் கையில் காப்புக் கட்டி, தாடி விட்டு, காலில் செருப்பில்லாமல் திரிந்துகொண்டிருந்தார். சுங்கை பட்டாணியில் வெயில் தார் ரோட்டையே இளக்கிக்கொண்டிருந்த நேரம். லோ காஸ்ட் பிளாட்டிலிருந்து பூக்கடைக்குப் போய் வருவதற்குள் உள்ளங்கால் இரண்டும் தீய்ந்துவிடும். இருந்தாலும் தினமும் போனார். மல்லிகைப்பூ வாங்க வேண்டியிருந்தது.

“சாமிக்கா அண்ணே?” என்று பூக்காரி கேட்பாள்.

“ஆமாமா” என்பார்.

பூ சாமிக்குப் போகவில்லை. மகள் சாந்தினிக்குப் பிள்ளை செத்துப் பிறந்திருந்தது. வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பிள்ளைதான் இல்லையே தவிர, பால் அதன் நேரத்துக்குச் சுரந்துவிட்டது. மல்லிகையை மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று மனைவி உமாராணி சொன்னாள். அவள் மகளுக்குக் கட்டிவிடுகிற நேரத்தில் அழகேசன் வெளி வராந்தாவில் போய் நின்றுகொள்வார். வாடின பூவைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் குப்பைக்குக் கொண்டுபோவதும் அவர்தான்.

இந்தக் காவடியை அவர் நேர்ந்துகொண்டதே பேரப்பிள்ளைக்காகத்தான். சாந்தினி கல்யாணமாகி ஆறு வருசம் கழித்து உண்டானவள். நல்லபடியா கையில் குடுத்துடு முருகா, தோளில் காவடி எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். பிள்ளை போனதும் அவர் விட்டுவிடத்தான் பார்த்தார். உமாராணி விடவில்லை.

“தாயயாச்சும் விட்டு வச்சிருக்கான்ல. நேந்தத செய்யாம போயி அதுக்கும் எதாச்சும் ஆச்சுன்னா? போயி காப்பு கட்டுங்க.”

கட்டிக்கொண்டார். கையுறைத் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிற மனிதர், லீவு போட்டுவிட்டு விரதம் இருந்தார். மருமகன் ஜொகூரில் வேலை. அவனுக்குக் கிடைத்த லீவு முடிந்து போய்விட்டான். வீட்டில் மூன்று பேர், ஒருவருக்கொருவர் பேச்சு இல்லை. சாந்தினி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாள். சோறு கொண்டுபோனால் “வேணாம்.” தண்ணீர் கொண்டுபோனாலும் “வேணாம்.” அந்த ஒரு சொல்லைத் தவிர ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் வாயைத் திறக்கவில்லை.

வயிற்றுக் காயம் ஆறவில்லை. ஒரு ஓரம் வாய் பிளந்து நீர் கசிந்தது. கிளினிக்கில் கட்டுப் போடுகிற நர்ஸ் மிஸ்ஸி அழகேசனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அங்கிள், இவங்க சாப்பிடலன்னா எப்படி சதை கூடும்? உத்திரம் வரைக்கும் பாப்பாங்க. மூடலன்னா மறுபடியும் ஆப்பரேஷன் தியேட்டருக்கு எடுத்துப் போயி தொறந்து தைக்கணும்னு டாக்டர் சொல்றாரு.”

மறுபடியும் அந்தப் பெண்ணை அந்த மேசையில் படுக்க வைப்பதா? அழகேசன் நேராக முகம்மது ஹனீபாவிடம் போனார்.

ஹனீபா ‘மாமாக்’ எனப்படும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறவர். அழகேசனைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் நானா. இருவரும் இருபது வருசமாக ஒன்றாகத் தூண்டில் போடுகிறவர்கள். நோன்பு மாதம் என்பதால் கடை மதியத்துக்கு மேல்தான் திறக்கும்.

“இதுக்கா மண்டைய ஒடைக்கிற? விரால் சூப் குடு” என்றார் ஹனீபா. “எங்க சம்சியாவுக்கு மூணு பிள்ளைக்கும் கிழிச்சுதானே எடுத்தாங்க. இந்த விரால், ஹருவான் குடுத்துத்தானே தேத்துனேன். ஆனா பாசார்ல விக்கிறானே, அது வேணாம். கோழிக்கொடல போட்டு வளத்தது. காட்டு மீனா இருக்கணும்.”

காட்டு விராலுக்கு இந்த வெயில் காய்ச்சலில் எங்கே போவது? பெண்டாங் பக்கத்து நெல் வயல்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தார்கள். வாய்க்காலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது என்றார்கள். மிச்சம் இருந்தது எஸ்டேட் மேல்பிரிவுக் குளம் ஒன்றுதான். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில், பாதி வற்றிக் கிடக்கும் சின்னக் குளம். அதில் எந்த மாதத்தில் எந்த மூலையில் மீன் நிற்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

“அங்க இருக்கும் நானா. ஆனா நான் தொடக் கூடாதே.” அழகேசன் காப்பைக் காட்டினார்.

“நீ ஏன் தொடற? நான் போடறேன். நீ சும்மா வாய மட்டும் ஆட்டு, அதுதான் ஒனக்கு நல்லா வரும்.”

சமைக்கிறதும் சிக்கல்தான். காப்புக் கட்டின வீட்டில் மீன் சட்டியை அடுப்பில் ஏற்ற உமாராணி சம்மதிக்க மாட்டாள். ஹனீபாவின் மனைவி சம்சியா தன் வீட்டில் சூப் வைத்துத் தருவது என்று பேச்சு முடிந்தது.

மறுநாள் விடிந்ததும் ஹனீபாவின் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்கள். குளம் போன மாதம் பார்த்ததைவிடச் சுருங்கியிருந்தது. கரை ஓரமெல்லாம் தட்டு தட்டாக வெடித்த சேறு. நடுவில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர். வெயில் ஏறினால் மேல் தண்ணீர் கஞ்சி மாதிரி சுட்டுவிடும், மீன் அடியில் போய் ஒதுங்கிவிடும். ஆனால் விராலுக்கு மேலே வந்து காற்றைக் குடித்தே ஆக வேண்டும். எங்கே குடிக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அழகேசன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தண்ணீரில் சாய்ந்து கிடந்த செம்பனை மட்டைக்குக் கீழே ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம்.

“நானா, மட்டைக்கு அந்தப் பக்கம். நெழல்ல.”

ஹனீபா தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை வீசினார். தவளை மட்டைமேல் விழுந்து சிக்கிக்கொண்டது.

“என்னா நானா, ரொட்டியா வீசுறீங்க?”

“பேசாம இரு. வாயில எச்சி இல்லாம வீசுறேன், நீ வேற.”

இழுத்து எடுத்து மறுபடி வீசினார். இந்த முறை சரியாக நிழலில் விழுந்தது. இரண்டு சுண்டு சுண்டியதும் தண்ணீர் வெடித்தது. கோல் வளைந்தது. அழகேசன் எழுந்து துள்ளினார்.

“விடாதீங்க! கோல தூக்குங்க! மட்டைக்குள்ள போவுது, தூக்குங்கலா!”

அவர் கை தானாகக் கோலுக்குப் போனது. காப்பு கண்ணில் பட்டதும் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார். அந்தக் குழப்பத்தில் ஹனீபா திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு நொடி போதும் விராலுக்கு. கயிறு தளர்ந்து, தவளை மட்டும் மிதந்து வந்தது.

“ஒன்னாலதான்” என்றார் ஹனீபா.

“என்னாலதான்” என்றார் அழகேசன்.

அதற்குப் பிறகு ஒன்றும் கடிக்கவில்லை. ஒருவர் வீசினார், ஒருவர் சொன்னார். குளத்தைச் சுற்றி வந்தாகிவிட்டது. சூரியன் மண்டைக்கு வந்தபோது ஹனீபா பேச்சை நிறுத்தினார். முகம் வெளுத்து, கோல் கையிலிருந்து நழுவியது. அழகேசன் தாங்கிக்கொண்டுபோய்ச் செம்பனை நிழலில் சாய்த்துவிட்டார்.

“நானா, தண்ணி குடிங்க. முடியாதவங்க நோன்ப விடலாம்னு நீங்கதானே சொல்வீங்க.”

“பெருநாளுக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. இவ்ளோ தூரம் வந்துட்டு விடறதா?” ஹனீபா கண்ணை மூடிக்கொண்டார். “செத்த நேரம் இரு. எந்திரிச்சிருவேன். ஒம் மவளுக்கு மீன் இல்லாம போவ மாட்டேன்.”

துண்டைத் தண்ணீரில் நனைத்து அவர் தலையில் போட்டுவிட்டு அழகேசன் கரையில் நின்றார். குளத்தின் வால் பக்கம் தண்ணீர் அடியோடு வற்றி, நடுவில் மட்டும் சேறு ஈரமாக மின்னியது. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. அதன் வாயில் சேற்றுத் தண்ணீர் ஏறி, நின்று, இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு குமிழி.

தண்ணீர் வற்றும்போது தப்ப முடியாத விரால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். பெரிய மீன்தான் அப்படிக் கிடந்து தாக்குப் பிடிக்கும். அதற்குத் தூண்டில் ஆகாது. கைதான்.

ஹனீபாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனுசன் எழுந்திருக்கிற நிலையில் இல்லை. நாளைக்கு வரலாம். நாளைக்குள் எருமையோ உடும்போ வந்தால் போச்சு. நாளைக்கும் சாந்தினி ‘வேணாம்’ என்பாள். உத்திரத்துக்கு மேசை காத்திருக்கும்.

வேட்டியை மடித்துக் கட்டினார்.

“முருகா, மன்னிச்சுக்கன்னு கேக்கல” என்றார் வாய்விட்டே. “பாத்துக்கிட்டு இரு.”

முழங்கால்வரை இறங்கியது சேறு. குப்புறப் படுத்தாற்போல் சாய்ந்து கையை ஓட்டைக்குள் விட்டார். முழங்கை போனது, தோள் போனது. உள்ளே சில்லென்றிருந்தது. விரல் நுனியில் வழவழப்பாக ஏதோ நகர்ந்தது. இன்னொரு கையால் சேற்றை அணைகட்டி, மெதுவாகத் தடவிக்கொண்டே போய்ச் செவுளில் விரலைக் கொக்கி போட்டார். விரால் உதறிய உதறலில் முகமெல்லாம் சேறு, கையெல்லாம் கீறல். விடவில்லை. அவர் முன்கை நீளத்துக்கு இருந்தது மீன்.

கரையேறியபோது ஹனீபா கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மீனைப் பார்த்தார், பிறகு காப்பைப் பார்த்தார். மஞ்சள் கயிறு கறுப்பாகியிருந்தது.

“டேய் அழகேசா” என்றார். தலையிலிருந்த ஈரத் துண்டை எடுத்து நீட்டினார்.

வீட்டு வாசலிலேயே உமாராணி பார்த்துவிட்டாள்.

“தொட்டீங்களா?”

“தொட்டேன்.”

அவள் அழவில்லை, கத்தவுமில்லை. உள்ளே போய்ச் சாமி மேடையின் திரையை இழுத்துவிட்டு வந்தாள். “குளிச்சிட்டு உள்ள வாங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, “பெருசா?” என்று கேட்டாள்.

“பெருசுதான்.”

நோன்பு துறக்கிற நேரத்துக்கு முன்னாலேயே சம்சியா வந்துவிட்டாள். இஞ்சியும் பூண்டும் மிளகும் தட்டிப் போட்ட சூப், அடுக்குச் சட்டியில் சூடாக. சாந்தினியின் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். கெஞ்சுகிற சாதி இல்லை அவள்.

“இந்தா பாரு சாந்தினி. ஒங்கப்பன் காப்போட சேத்துல எறங்கிப் புடிச்சது. வேணாம்னா ஒரு வார்த்த சொல்லு, சிங்கில கொட்டிட்டுப் போறேன். எனக்கு நோன்பு தொறக்கணும்.”

சாந்தினி திரும்பினாள். அறை வாசலில் நின்ற தகப்பனின் கையைப் பார்த்தாள். தோள்வரை கீறல். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார முயன்றாள். உமாராணி ஓடிப்போய் முதுகுக்குத் தலையணை வைத்தாள்.

குடித்தாள். மிச்சத்தை மறுநாள் குடித்தாள். சதையையும் பிய்த்துத் தின்றாள். அதன் பிறகு கஞ்சி, முட்டை, சோறு என்று கொடுத்ததையெல்லாம் மறுக்காமல் தின்றாள். அடுத்த வாரம் கட்டை அவிழ்த்துப் பார்த்த மிஸ்ஸி, “ஓரம் கூடிக்கிட்டு வருது. தியேட்டர் வேணாம் அங்கிள்” என்றாள். அழகேசன் கிளினிக் வாசலில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை. ‘வேணாம்’ என்பதும் நின்று போயிருந்தது.

உத்திரத்தன்று உமாராணி மட்டும் பால்குடம் எடுக்கப் போனாள். விரதம் கெட்டவர் காவடி தூக்க முடியாது. தீட்டுக் கழியாதவள் கோயிலுக்குப் போக முடியாது. தகப்பனும் மகளும் வீட்டில். பெரிய ரோட்டிலிருந்து உறுமி மேளம் நாலாவது மாடிவரை ஏறி வந்தது. அழகேசன் ஜன்னலைச் சாத்தலாமா என்று எழுந்தார்.

சாந்தினி சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“அப்பா.”

அவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

“அவன எங்க வச்சீங்க?”

ஆஸ்பத்திரியில் அவள் மயக்கம் தெளிவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தாய் பார்த்தால் மனசு விட்டுப்போகும், பார்க்காமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அழகேசனும் சரி என்றார். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

“நம்ம சுடுகாட்டுலதாம்மா. வேலி ஓரமா. ஒரு வேப்பங்கன்னு இருக்கு.”

“யாரு தூக்கிட்டுப் போனா?”

“நாந்தான்.”

“யாரு மாதிரிப்பா இருந்தான்?”

மேளம் நின்று, மறுபடி தொடங்கியது. உன்னைப் போலவே இருந்தான் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். வாய்வரை வந்தது.

“நான் மொகத்தப் பாக்கலம்மா” என்றார். “துண்டுல சுத்திக் குடுத்தாங்க. பாத்தா என்னால நடக்க முடியாதுன்னு பாக்காமயே தூக்கிட்டுப் போயிட்டேன்.”

சாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அவர் பக்கத்தில் போகவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஆனா கனமா இருந்தான்” என்றார். வேறு எதுவும் அவரிடம் இல்லை.

அவள் நிமிர்ந்தாள். “கனமாவா?”

“ஆமாம்மா. நல்ல கனம். எனக்குக் கையி வலிச்சிச்சு.”

“எப்படித் தூக்குனீங்க? காட்டுங்கப்பா.”

அழகேசன் இரண்டு கையையும் நீட்டினார். ஒரு உள்ளங்கை தலைக்கு, ஒரு கை உடம்புக்கு. கொஞ்சம் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக் காட்டினார்.

சாந்தினி நாற்காலியிலிருந்து இறங்கி அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, அந்தக் கைகளுக்கு நடுவில் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை கடுத்தது. அவள் பார்த்து முடிக்கிறவரை அவர் இறக்கவில்லை.