இடது கையின் கோடு

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் மருந்து கட்டும் ஆளாக இருந்தேன். புண் கழுவுவது, மிக்சர் ஊற்றிக் கொடுப்பது, பெரிய டாக்டர் யாராவது வந்தால் சிங்களத்தில் பேசுவது. கடைத்தெருவில் பொறுக்கிய சிங்களம்தான். ஆனாலும் அதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்ச நஞ்சமில்லை.

என் மனைவி கொழுந்து பறித்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் அவளுடைய வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. கிள்ளிய கொழுந்து நழுவி விழும். எங்கள் பக்கம் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வோம். தினமும் முழுப் பேர் போட்டவளுக்கு நிறை குறைந்து அரைப்பேர் விழுந்தது. "உங்களுக்கு ரொட்டி தட்டியே கை தேஞ்சு போச்சுங்க" என்று என்னைக் கேலி செய்வாள்.

அந்தச் சமயத்தில் சிங்கள டாக்டர் ஒருவர் மாதம் ஒருமுறை ஜீப்பில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். கை மரத்துப்போனவர்களின் தோலில் உப்புப் பசை தடவிச் சின்னத் தகடுகளை ஒட்ட வேண்டும். கையை இறுக்கினால் தசையில் ஓடும் மின்சாரத்தைப் பெட்டி பிடித்துக்கொள்ளும். நகரும் காகிதத்தில் பேனா துடித்துத் துடித்துக் கோடு போடும். ஊசி இல்லை, வலி இல்லை. ஒரு தடவை பார்த்தால் போதாது, மாதாமாதம் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

அந்நிய ஆண்பிள்ளை முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்காரப் பெண்கள் கூச்சப்பட்டார்கள். அதனால் நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டினோம். பெட்டியோடு டாக்டர் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் மருத்துவச்சி தகடு ஒட்டுவார். என் மனைவிக்கு மட்டும் நானே ஒட்டினேன்.

முதல் மாதம் அவளுடைய கோடு சுமாராக இருந்தது. இரண்டாம் மாதம் இறங்கிவிட்டது. டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, முழங்கையில் நரம்பு நசுங்குகிறது என்றார். அடுத்த மாதமும் இறங்கினால் கொழும்புக்குக் கூட்டிப்போய் அறுத்துச் சரி செய்யலாம், தாமதித்தால் கை போய்விடும் என்றார். கோடுகளைத் தோட்டத்தை நடத்தும் துரையிடமும் காட்ட வேண்டியிருக்கும் என்று கடைசியில் சொன்னார்.

என் மர மண்டையில் அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் ஏறியது. துரை பார்த்தால் செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பதிவேட்டில், அவள் பேரை வெட்டிவிடுவார். அடுத்த லயத்து வரிசை வீடுகளில் ஓர் இருமல்காரிக்கு அப்படித்தான் நடந்தது.

"என்ன சொன்னாருங்க?" என்று கேட்டாள்.

"அடுத்த மாசமும் பாக்கணுமாம்."

கொழும்பைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

மூன்றாம் மாதம் திரைக்குள் அவளுடைய இடது கையைப் பிடித்துத் தகடுகளை ஒட்டினேன்.

"நோகுறது அந்தக் கையாச்சே?"

"பேசாம இரு புள்ள. பேர வெட்டிருவாங்க."

அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு இடது கையை இறுக்கினாள். பேனா எகிறியது. "விரல் எப்படி?" என்று டாக்டர் திரைக்கு அப்பாலிருந்து சிங்களத்தில் கேட்டார். "தேவலைங்க ஐயா" என்று நான்தான் சொன்னேன். அவர் சந்தோஷமாகச் சிரித்தார். இனி வரவேண்டியதில்லை என்று எழுதிவிட்டார்.

ஒரு வருஷம் போனது. வலது கை சூம்பி, விரல்கள் மடங்கிவிட்டன. பேரையும் வெட்டினார்கள். டாக்டர் மறுபடி வந்தபோது அவரிடம் தனியாக எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் பழைய காகிதங்கள் மூன்றையும் மேசையில் வரிசையாக விரித்தார். மூன்றாவதை மடித்து என் கையில் கொடுத்தார். இனி அறுத்துப் பயனில்லை என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது அவளால் கொண்டை போட முடியாது. காலையில் வாசலில் உட்காரவைத்து நான்தான் தலை வாரிவிடுகிறேன். ஒருநாள் தண்ணீருக்குப் போன பக்கத்து வீட்டுக்காரி எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னா சிரிப்பு?" என்றாள் என் மனைவி. "இவரு மட்டும் சமயோசிதமா இடது கைய நீட்டச் சொல்லலேன்னா அப்பவே எம்பேர வெட்டியிருப்பாங்க. ஒரு வருசம் காப்பாத்திக் குடுத்தாருல்ல."

சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது.

"ஏங்க நிறுத்திட்டீங்க? இறுக்கிப் போடுங்க, அவுந்துரும்" என்றாள்.