கடைசிப் பெட்டி தாண்டும் வரை

போன ஞாயிற்றுக்கிழமை, செம்பூர் ஸ்டேஷனில், என் மகளை நானே ரயிலேற்றி அனுப்பிவிட்டேன். போகிறவளைப் பார்த்துச் சிரித்தபடி கையும் ஆட்டினேன். அவள் எங்கேயும் போவதாக இல்லை என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.

சிரிக்காதீர்கள். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்பதாம் வகுப்பு பிசிக்ஸ். நான் பி.காம். பிசிக்ஸும் நானும் பள்ளிக்கூடத்திலேயே சண்டையில்லாமல் பிரிந்துவிட்டோம். ஆனாலும் நஸ்ரீன் ஹோம்வொர்க்கை விரித்தால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவேன். பெற்றவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

அன்றைய கணக்கு இதுதான் — ஒரு ரயில் ஒரு பிளாட்ஃபாரத்தைக் கடக்கிறது. ரயிலின் நீளம், பிளாட்ஃபாரத்தின் நீளம், கடக்க எடுத்த நேரம் மூன்றும் கொடுத்திருக்கிறார்கள். வேகம் என்ன?

"பிளாட்ஃபாரம் நீளத்தை நேரத்தால வகு. முடிஞ்சுது" என்றேன்.

"ரயில் நீளத்தையும் கூட்டணும், வாப்பா."

"அது சும்மா நம்மளக் குழப்புறதுக்குக் குடுத்திருக்கான்."

அவள் புத்தகத்தின் கடைசியில் இருந்த விடையைக் காட்டினாள். அவள் சொன்ன விடைதான். அச்சுப் பிழையாக இருக்கும் என்றேன்.

"அரே வாப்பா, இஞ்சின் தாண்டிட்டாப் போதுமா? கடைசி டப்பால இருக்கிறவங்க இன்னும் பிளாட்ஃபாரத்துலதானே இருப்பாங்க?"

"அவங்கள யாரு கேட்டா?"

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, ரயிலு பக்கத்துலதானே ஓடுது. ரெண்டு பேரும் போயி பாத்துட்டு வாங்களேன். எனக்குக் காது வலிக்குது."

போனோம். பிளாட்ஃபாரம் டிக்கெட் வாங்கினேன் — சட்டத்தை மதிக்கிறவன். சோதனையின் திட்டம் முழுக்க முழுக்க என்னுடையது. அடுத்த ஸ்டேஷனான கோவண்டிப் பக்க முனையில் நான் நிற்பேன். என் போன் ஸ்டாப்வாட்ச்சுக்கு. அவள் போன் வீடியோவுக்கு... அதையும் நானே வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் கடைசிப் பெட்டியில் ஏறி, கம்பியைப் பிடித்து நின்று, என்னைத் தாண்டும்போது சத்தம் கொடுக்க வேண்டும்.

"ஷ்யோரா, வாப்பா?"

"ஷ்யோர்."

இதில் ஓட்டை எங்கே என்று உங்களுக்கு உடனே தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. தூரம், நேரம், வேகம் எல்லாம் யோசித்தவன், ரயிலில் ஏறினால் ரயில் போகிற இடத்துக்குப் போக வேண்டிவரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

பன்வேல் லோக்கல் வந்தது, நின்றது, கிளம்பியது. முன்பெட்டி என்னைத் தாண்டியதும் 'பார்த்தாயா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் ரயில் முடியவில்லை. இன்னொரு பெட்டி... இன்னொரு பெட்டி... வேகம் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில், மஞ்சள் துப்பட்டா பறக்க, அவள்.

"இப்பத்தான் தாண்டுது, வாப்பா!"

அட, சரிதான். ரயில் நீளத்தையும் கூட்டத்தான் வேண்டும். சிரித்தேன். கையை ஆட்டினேன். ரயிலின் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. என் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

பதினாலு வயதுப் பெண். தனியாக ரயிலில் போனதே இல்லை. போனும் இல்லை.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. என் மனைவி.

"நஸ்ரீன்ட்ட குடுங்க."

"அவ கொஞ்சம் தள்ளி நிக்கிறா."

"எவ்வளவு தள்ளி?"

வாழ்க்கையில் எனக்கு உடனே விடை தெரிந்த ஒரே பிசிக்ஸ் கேள்வி அதுதான். ஆனால் சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணியிடம், மகள் ரயிலோடு போய்விட்டாள் என்று உளறினேன். அவர் அடுத்தவரிடம் சொன்னார். நஸ்ரீனின் பிசிக்ஸ் புத்தகத்தில் அடுத்த பாடம் அலைகள். அலையில் தண்ணீர் இடம் மாறுவதில்லை, அசைவு மட்டும்தான் கடந்து போகிறது என்று போட்டிருக்கிறார்கள். சத்தியமான வார்த்தை. ஒருவர்கூட நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. சேதி மட்டும் படிக்கட்டு வரை போய்விட்டது. அங்கே போய்ச் சேர்ந்தபோது என் மகளுக்கு நாலு வயது. ஃபிராக் என்ன கலர் என்று வடாபாவ் கடையிலிருந்து ஒருவர் கத்திக் கேட்டார்.

ரயில்வே போலீஸ்காரம்மா ஒருவர் வந்து இந்தியில் விசாரித்தார்.

"பொண்ணுகிட்ட போன் இல்லையா?"

"என்கிட்ட இருக்கு."

"ரெண்டுமா? எதுக்கு?"

"ஒண்ணு ஸ்டாப்வாட்ச், மேடம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்கயே நில்லுங்க. அடுத்த வண்டியில வந்துருவா."

புத்தியுள்ளவன் நின்றிருப்பான். நான், அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், கோவண்டிக்குப் போகிற அடுத்த லோக்கலில் ஏறிவிட்டேன். சட்டத்தை மதிக்கிறவன்... டிக்கெட் இல்லாமல்.

பாதி வழியில் எதிரே ஒரு ரயில் வந்தது. எதிரெதிராக வரும் இரண்டு ரயில்களின் வேகங்களைக் கூட்ட வேண்டும் என்பார்கள். யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் துப்பட்டா ஒன்று கண்ணில் பட்டது, படும்போதே போய்விட்டது. அவளா? "நஸ்ரீன்" என்று நான் போட்ட கூச்சலுக்கு என் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கோவண்டியில் பெஞ்ச் பெஞ்சாகத் தேடினேன். பாலத்தில் ஏறிப் பார்த்தேன். இல்லை. அந்தத் துப்பட்டா வேறு யாருடையதாவது இருந்தால்? இறங்கத் தெரியாமல் அதற்கடுத்த மான்குர்த்தும் தாண்டிப் போயிருந்தால்? அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

செம்பூருக்குத் திரும்பினேன். பெஞ்சில் மஞ்சள் துப்பட்டா. பக்கத்தில் அந்தப் போலீஸ்காரம்மா. என்னைக் கண்டதும் நஸ்ரீன் எழுந்து ஓடிவந்தாள்.

"எங்க போனீங்க?" குரல் உடைந்திருந்தது. "கோவண்டில இறங்கி அடுத்த வண்டியில வந்துரலாம்னுதானே நான் ஏறினேன். உங்களுக்கு அது தெரியும்னு நினைச்சேன்."

"ரயில்ல பயந்துட்டியாம்மா?"

"ரயில்ல என்ன பயம்? திரும்பி வந்து பாத்தா நீங்க இல்ல. அப்பத்தான் பயந்தேன்."

நான் இல்லாத நேரத்தில் அவள் என்னைப் பற்றிப் புகாரே கொடுத்துவிட்டாளாம். அங்க அடையாளம் — கண்ணாடி, கையில் இரண்டு போன், ரொம்ப டென்ஷனாக இருப்பார். "காணாமப் போனது இவர்தானா?" என்று போலீஸ்காரம்மா அவளிடம்தான் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

பிள்ளைகள் போவார்கள், வருவார்கள். வரும்போது நாம் அதே இடத்தில் நின்றால் போதும். இதற்கு எந்தச் சூத்திரமும் தேவையில்லை. எனக்கு வராதது அதுதான்.

கிளம்பும்போது, "அடுத்த தடவை அப்பா கையைப் பிடிச்சுக்கோ" என்றார் போலீஸ்காரம்மா, நஸ்ரீனிடம்.

பிடித்துக்கொண்டாள். அவள் என் கையைப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பாலம் ஏறினோம், இறங்கினோம், ரோட்டைக் கடந்தோம். எங்கள் கட்டட வாசலில் அவளுடைய தோழிகள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எங்கள் கைகளையே பார்த்தார்கள். விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

"வாப்பா தொலைஞ்சு போயிருவாரு" என்றாள் அவர்களிடம், கையை விடாமல்.