வாசலில் திறந்த பை

அம்மா எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் வாசலில் நின்று கைப்பையை அகலத் திறந்து காட்டுவாள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சொந்தக்காரர் வீடானாலும் பல் பிடுங்கப் போன இடமானாலும் சாப்பாட்டு டப்பா, சீப்பு, மடித்த துண்டு எல்லாம் ஒருமுறை வெளிச்சம் பார்க்கும். சிறுமியாக இருந்தபோது மகள் அதை ஒரு மரியாதை என்றே நினைத்தாள். பிறகு, தான் வாடகைக்கு எடுத்த வீட்டு வாசலிலும் அம்மா பையைத் திறந்தபோது அவளுக்கு ரத்தம் கொதித்தது.

"இது என் வீடும்மா. மூடு அதை."

"கை தானா போகுதுடி. நான் என்ன பண்ணட்டும்?"

அந்தக் கையைப் பழக்கியது ஆஸ்பத்திரி வாசல். அங்கே சலவைப் பிரிவில் அம்மாவுக்கு வேலை. ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகளை அலசி, தேய்த்து, மடித்து, வார்டுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும்போது காவலாளி அம்மாவைப் போன்ற பின்தெருக்காரர்களை மட்டும் தனியே நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்வான். பின்தெரு திருட்டுத் தெரு என்று ஊருக்கே தெரியும். யார், எப்போது, எதைத் திருடினார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. டாக்டர்களின் கார்கள் டிக்கியைத் திறக்காமலே போகும்.

பக்கத்து வீட்டு வாயாடி அத்தையும் அதே சலவை அறையில்தான் இருந்தாள். அவள் மட்டும் காவலாளியைச் சும்மா விடமாட்டாள். "நல்லா பாருப்பா, அடியில ரெண்டு கட்டில் வச்சிருக்கேன்" என்பாள். வரிசையே சிரிக்கும்.

மகள் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது ஆஸ்பத்திரியில் புது விரிப்புகள் கணக்கில் குறைந்தன. நிர்வாகம் விரிப்பைத் தேடவில்லை, பின்தெருவைத் தேடியது. அதிகாரி அம்மாவையும் வாயாடி அத்தையையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். விரிப்புகள் எங்கே போயின என்று அம்மாவுக்குத் தெரியும். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றும் நோயாளிகளை விரிப்போடுதான் தூக்கி ஆம்புலன்ஸில் வைப்பார்கள். வார்டுக்குப் போய்வரும் அம்மா அதைக் கண்ணால் பார்த்திருந்தாள். சொன்னால், "பார்த்துட்டு இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்று பழி தன் மேல் திரும்பும். வேலை போனால் மகளின் படிப்பும் போகும். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவளுக்குத்தான் வாய் ஜாஸ்தி" என்றார் அதிகாரி. வேறு சாட்சி தேவைப்படவில்லை. வாயாடி அத்தையை அன்றே வெளியே அனுப்பினார்கள். அதன்பின் எந்த வீட்டிலும் அவளுக்குப் பாத்திரம் தேய்க்கக்கூட வேலை இல்லை.

சில வாரம் கழித்து, மற்ற ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மூட்டை வந்தது. காணாமல் போன அதே விரிப்புகள். துவைத்து மடித்து வைக்கச் சொல்லி அம்மாவிடமே கொடுத்தார்கள். வாயாடி அத்தையைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பருவத் தேர்வில் 'குற்றம் மிகுந்த பகுதிகள்' என்ற கேள்விக்கு மகள் புத்தகத்தில் இருந்தபடியே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள். தன் தெருவைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. எந்த வாசலில் பையைத் திறக்கச் சொல்கிறார்களோ அந்த வாசலில்தானே திருடன் கிடைப்பான்? புத்தகம் அதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகுதான் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். "அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்டி. கொஞ்சம் எழுந்து உக்காந்ததும் போறேன்." இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அம்மா கடைசிவரை போகவில்லை.

அம்மா இறந்த பிறகு மகள் அந்த வீட்டுக்குப் போனாள். வாயாடி அத்தை தரையில் உட்கார்ந்து கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தெரியும்" என்றாள்.

"யார் சொன்னாங்க?"

"மூட்டை வந்த அன்னைக்கே கூட வேலை செய்றவங்க வந்து சொல்லிட்டாங்க. உங்கம்மா மடிச்சு வச்சதையும் சேர்த்துத்தான்."

"அப்புறம் ஏன் அத்தை அம்மாகிட்ட கேக்கல?"

"கேட்டு வாங்க அது என்ன கைமாத்தா? உன் படிப்புக்காகத்தான் வாயை மூடுனா. அதுவும் தெரியும். அந்த ஆபீசரை நெனச்சா இன்னைக்கும் வயிறு எரியுது. ஆனா இவ ஒருநாள் சுவரைச் சுத்தி வந்து, 'நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்'னு சொல்லியிருக்கலாம்."

"நான் சொல்றேன் அத்தை. நீங்க எடுக்கல."

வாயாடி அத்தை பசை தடவிய ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"நீ சொல்லுவ, படிச்ச பொண்ணு. நான் எதிர்பார்த்தது அவகிட்ட."