கத்தாத கேசட்

சண்முகப்ரியா வேலைக்குப் போவதற்குப் புகுந்த வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மறுத்துப் பேசுகிற வழக்கமே அந்த வீட்டில் இல்லை. எதைச் சொன்னாலும் கண்ணு என்றும் அம்மணி என்றும் கூப்பிட்டு, ஒரு 'ங்க' சேர்த்துத்தான் சொல்வார்கள். கல்யாணமாகிக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஆர்.எஸ்.புரத்துக்கு வந்த புதிதில் அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. எதிர்த்துச் சண்டை போடவாவது ஒரு கடுஞ்சொல் வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

"போயிட்டு வா கண்ணு. பொட்டப்புள்ளைங்க பள்ளிக்கூடந்தானே," என்றாள் மாமியார் வள்ளியாத்தாள். "நாலரைக்கு ஊட்டுக்கு வந்துரோணும், அவ்வளவுதான். எனக்கொண்ணும் இல்ல. சாயங்காலம் ஒத்தையில இருந்தா மனசு ஒரு மாதிரி ஆயிப்போவுது."

அப்படித்தான் அவள் அந்தப் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை ஆனாள். கல்லூரியில் வாலிபால் ஆடியவள். கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினால்தான் மூச்சு முழுசாக உள்ளே போகும். வெயிலில் முகம் கறுத்துப்போவதாக வீட்டில் குறைப்பட்டார்கள். அவளோ வெள்ளிக்கிழமை மத்தியானமே முகம் வாடி, ஞாயிறு இரவு தெளிந்துவிடுவாள். வேறெந்த டீச்சருக்கும் அப்படி ஆகியிருக்காது.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் பள்ளி திறந்தபோது தலைமையாசிரியை மார்கரெட் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கோயமுத்தூரில் தெருவுக்கு ஒரு கராத்தே வகுப்பு நடந்துகொண்டிருந்த காலம். நம் பிள்ளைகளுக்கும் ஏதாவது தற்காப்புக் கலை வேண்டும் என்று பெற்றோர்கள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க சொல்லிக்குடுத்தா நல்லதும்மா," என்றார் மார்கரெட். "முடியலைன்னா பெரியநாயக்கன்பாளையத்துல இருந்து ரூபன்னு ஒரு மாஸ்டர் வர்றேங்கறார். ஆனா அவரே பி.டி. பீரியடும் சேர்த்துப் பாத்துக்குவாராம். ரெண்டு பேரை வெச்சுக்க நிர்வாகம் ஒத்துக்காது. உங்களுக்குத் தெரியாததில்ல."

தெரிந்துதான் இருந்தது. ரூபன் வந்தால் மைதானம் போய்விடும். மைதானம் போனால் மிச்சம் அந்த வீடுதான், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும்.

அன்று இரவு புருஷன் பாலுசாமியிடம், தானே ஒரு கராத்தே வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொள்வதைப் பற்றிக் கேட்டாள். அவன் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருந்தான். நல்லவன், முடிவெடுக்க மட்டும் சோம்பேறி.

"மாஸ்டருங்கறது எல்லாம் ஆம்பளைங்க பிரியா. கையக் காலப் புடிச்சுத்தான் சொல்லிக்குடுப்பாங்க. எனக்கொண்ணுமில்ல. அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க."

அம்மாவிடம் கேட்டாள். "நான் வேண்டான்னா சொல்லப்போறேன்?" என்றாள் வள்ளியாத்தாள். "நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, அதுக்குத்தான் பாக்கறேன். ஏங்கண்ணு, டிவியில கேசட்டுப் போட்டுக் கத்துக்க முடியாதா? நம்ம ஊட்டுல டெக்கு சும்மாதானே கெடக்குது?"

பூ மார்க்கெட் பக்கம் அக்பர் அலியின் வீடியோ கடை இருந்தது. பாய் சுவர் முழுக்க அடுக்கியிருந்த கேசட்டுகளில் துழாவி இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"டீச்சரம்மா, சண்டை கத்துக்கறதுன்னா நம்மகிட்ட ரெண்டுதான் இருக்குது. ஒருத்தன் கத்திக் கத்திச் செய்யறான். இன்னொருத்தன் வாயே தொறக்காம செய்யறான். எது வேணுங்க?"

அவள் யோசிக்கவே இல்லை. மாமனார் நஞ்சப்பன் மத்தியானம் கண்ணசந்தால் ஐந்து மணி வரைக்கும் ஹால் கட்டிலில்தான் படுத்திருப்பார். டிவியும் அந்த ஹாலில்தான்.

"கத்தாததையே குடுங்க பாய்."

அட்டையில் தை சி, சீனத்துத் தற்காப்புக் கலை என்று போட்டிருந்தது. கேசட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வயசான சீனக்காரர், தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி மெதுவாகக் கையைத் தூக்கினார், இறக்கினார். ஒரு அசைவு முடிகிற இடமே தெரியாமல் அடுத்தது தொடங்கியது. பின்னாலிருந்து ஓர் ஆங்கிலக் குரல் அடிக்கொரு தரம், தோளைத் தளர விடுங்கள், ரிலாக்ஸ், ரிலாக்ஸ் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

சண்முகப்ரியா விவரமானவள். டிவியைப் பார்த்துச் செய்தால் இடது வலது மாறிப்போகும் என்று முதல் நாளே பிடித்துவிட்டாள். அவர் வலது கையைத் தூக்கினால் இவளும் வலது கைதான். கட்டில் இடிக்கிற இடத்தில் காலடியைக் குறுக்கிக்கொண்டாள். பள்ளி மைதானத்தில் அதை நீட்டிக் காட்டவும் மறக்கவில்லை. தோளைத் தளர விடுவதுதான் வரவில்லை. தளர விடவேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் தோள் இரண்டும் மேலே ஏறிக்கொண்டன.

ஒரு நாள் மாமனார் விழித்துக்கொண்டு, படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனென்ன அம்மணி, சும்மா சும்மா ரிலாக்ஸு ரிலாக்ஸுங்கறான்?"

"தளத்தி விடோணுமாமுங்க மாமா."

"அதுக்குப் படுத்துக்கறதுதானே? எதுக்கு இப்படிக் கெணத்துல நீச்சலடிக்கறாப்ல வளைஞ்சுக்கிட்டு நிக்கறான்?" என்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹாலின் இடது பக்கம் பொடக்காளிக்குப் போகிற கதவு. வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லும் இரண்டு தென்னையும் இருக்கிற அந்த இடத்தில்தான் வள்ளியாத்தாள் சாயங்காலங்களில் உட்கார்ந்திருப்பாள். முழங்கால் வலி, எழுந்து உட்காருவது சிரமம். அதனால் கூப்பிடுவாள், பெரும்பாலும் சீனக்காரர் இரண்டு கையையும் தள்ளி வருகிற நேரமாகப் பார்த்து.

"அம்மணீ... கொடித்துணிய எடுத்தாந்துரு கண்ணு."

"அம்மணீ... பால்காரன் வந்துட்டானான்னு பாரு."

டெக்கின் ரிமோட் எப்போதோ கெட்டுப்போயிருந்தது. குனிந்து பொத்தானை அழுத்தினால், சீனக்காரர் கையைத் தூக்கியபடி நடுங்கிக்கொண்டு நிற்பார். இவள் போய்த் துணியை எடுத்துவிட்டு வந்து அவரை விடுவிப்பாள். சில நாள் போய் நின்றால், "ஒண்ணுமில்ல கண்ணு, இருக்கறயான்னு பாத்தேன்," என்பாள் மாமியார். அதற்கு எப்படிக் கோபப்படுவது? கிழவி பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே இருக்கிறாளா என்றுதான் பார்த்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் முழுசும் கைவந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, எதிரில் முதுகு காட்டி நின்று சொல்லிக்கொடுத்தாள்.

"மிஸ், இவ்வளவு மெதுவா அடிச்சா அடிக்க வர்றவன் தூங்கிருவான் மிஸ்," என்றாள் ஒருத்தி.

"தூங்குனா நல்லதாப் போச்சு. நீ ஓடிரு."

ஆனாலும் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. சுடிதார்த் துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு அவர்கள் செய்யும்போது, அத்தனை கைகளும் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்குவதைப் பார்க்க நாற்று வயலில் காற்று போகிற மாதிரி இருந்தது. இதை ஆண்டு விழாவில் வைக்கலாம் என்று மார்கரெட் சொன்னார். அதோடு, விஷயம் தெரிந்தவர் ஒருவர் பார்க்கட்டும் என்று ஒத்திகைக்கு ரூபனையும் வரச்சொல்லிவிட்டார்.

ரூபன் முரட்டு ஆளாக இருப்பான் என்று சண்முகப்ரியா பயந்திருந்தாள். வந்தவர் ஒல்லியாக, ஒரு டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கினார். கையைக் கட்டிக்கொண்டு முழுசையும் பார்த்தார். மறுபடியும் ஒரு தடவை செய்யச் சொன்னார்.

"கையெல்லாம் ரொம்ப நல்லா இருக்குதுங்க மேடம். எங்க பசங்க மரக்கட்டையாட்டம் இருப்பானுங்க, இந்த நெளிவு வராது. ஒரே ஒரு எடம் மட்டும் புரியலைங்க." தலையைச் சொறிந்தார். "ரெண்டு கையையும் தள்ளி வர்றப்ப, புள்ளைங்க அத்தனை பேரும் சட்டுனு நின்னு இடது பக்கம் திரும்பிப் பாக்கறாங்களே. அது என்னங்க?"

"எங்கீங்க?"

"நீங்களுந்தாங்க பாக்கறீங்க."

பிள்ளைகளை அந்த இடத்தை மட்டும் செய்யச் சொன்னாள். கைகள் அலையாக வந்தன. நின்றன. அத்தனை சடைகளும் ஒரே வீச்சில் திரும்பின. அத்தனை கண்களும் இடது பக்கம் ஆளில்லாத சைக்கிள் நிறுத்தத்தைக் கவலையோடு பார்த்தன. பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி, கைகள் மறுபடி ஓடின.

சண்முகப்ரியாவுக்குக் காதுமடல் சூடானது.

"அது... அந்தப் பக்கமிருந்து ஆளு வர்றாப்ல நெனச்சுக்கறதுங்க."

"சரிங்க. வந்தா அடிக்கோணுமில்லீங்களா? பாக்கறாங்க, ஆனா ஒண்ணுமே பண்றதில்லையே?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மார்கரெட்டும் சிரித்துவிட்டார். சண்முகப்ரியாவும் சிரிக்கப் பார்த்தாள்.

"விழாவுல இப்படித் திரும்பினா பேரன்ட்ஸும் சிரிப்பாங்கம்மா," என்றார் மார்கரெட், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அடுத்த வாரத்துக்குள்ள சரி பண்ணிருங்க. நல்லபடியா வந்தா க்ளாஸ் உங்களுக்கே. இல்லைன்னா ரூபன் சாருக்குத்தான். அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

பிள்ளைகளைத் திருத்துவது சுலபமாக இருந்தது. நேராகப் பார் என்றால் நேராகப் பார்த்தார்கள். ஆனால் எதிரில் நின்று செய்து காட்டுகிறவள் இவள். இவள் திரும்பினால் அவர்களும் திரும்பினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்தைப் பிடித்தால் கை நின்றுபோயிற்று. கையை ஓட விட்டால் கழுத்து தானாகப் போயிற்று.

வீட்டில் ஒரு நாள் துணிந்து கேட்டேவிட்டாள். "ஏனுங்கத்தை, நான் இதைச் செஞ்சு முடிக்கற வரைக்கும் கொஞ்சம் கூப்படாம இருக்கறீங்களா?"

"ஐயோ, நானெங்க கண்ணு கூப்படறேன்?" வள்ளியாத்தாள் பதறிப்போனாள். "சொல்லியிருந்தா வாயே தொறந்திருக்க மாட்டனே. நீ பாட்டுக்குச் செய்யி."

சொன்ன சொல் தவறவில்லை. பொடக்காளியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சண்முகப்ரியா கேசட்டைப் போட்டுக் கையைத் தூக்கினாள். அந்த இடம் வந்தது. கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை? கல் வழுக்கி விழுந்துகிழுந்து வைத்துவிட்டாளோ? கழுத்து மட்டுமல்ல, ஆளே திரும்பிக் கதவு வரைக்கும் போய்விட்டாள்.

வள்ளியாத்தாள் துவைக்கிற கல்லின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் தலைப்பை எடுத்துவிட்டு, முகமெல்லாம் பூரிப்பாகச் சொன்னாள்: "கூப்படவே இல்ல, பாத்தியா கண்ணு?"

விழாவுக்கு முந்தின நாள் சண்முகப்ரியா ஒரு காரியம் செய்தாள். முன்னாலிருந்து விலகி, பிள்ளைகளின் கடைசி வரிசைக்கும் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"அப்ப நாங்க ஆரைப் பாத்துச் செய்யறது மிஸ்?"

"ஆரையும் பாக்க வேண்டாம். எதுக்க இருக்கற செவுத்தப் பாருங்க. உங்களுக்கே தெரியும்."

அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. விழா மேடையில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. பாலுசாமி நாலாவது வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிக்காரரிடம் தன் மனைவி சொல்லிக்கொடுத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தான். மேடையின் பின்திரையோரம், ஆள் கண்ணில் படாத இருட்டில், அதே இடத்தில் சண்முகப்ரியாவின் தலை மட்டும் ஒரு தரம் இடது பக்கம் போய் வந்தது.

கைதட்டல் ஓய்வதற்குள் மார்கரெட் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "க்ளாஸ் உங்களுக்குத்தாம்மா. ஜனவரியில இருந்து, ஸ்கூல் விட்டதும் ஆரம்பிச்சு அஞ்சரை வரைக்கும்."

அஞ்சரை வரைக்கும். வேலை நிலைத்ததைவிட அந்த ஒரு மணி நேரந்தான் அவளுக்குத் தித்தித்தது. வழி நெடுகப் பாலுசாமியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். கேட்கக் கூடாது, சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணினாள். சொன்னாள்.

"இனிமே நான் வாரதுக்கு ஆறு மணி ஆகுமுங்கத்தை. க்ளாஸ் எனக்கே குடுத்துட்டாங்க. போய்த்தான் ஆகோணும்."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. நஞ்சப்பன் பேப்பரைத் தாழ்த்தினார். இன்றைக்காவது ஒரு கடுஞ்சொல் வரும் என்று அவள் தயாராக நின்றாள்.

"அதுக்கென்ன கண்ணு, தாராளமாப் போ," என்றாள் வள்ளியாத்தாள். கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "நானும் யோசிச்சுப்போட்டேன். இங்க ஒத்தையில உக்காந்திருக்கறதுக்கு, ஒரு ஆட்டோவப் புடிச்சு நானும் அங்கயே வந்துட்டா? ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். புள்ளைங்களப் பாத்தாப்லயும் ஆச்சு, உனக்குத் தொணைக்கும் ஆச்சு."

"அட, நல்ல யோசனைம்மா," என்றான் பாலுசாமி. "வரும்போது ரெண்டு பேரும் ஒண்ணா வந்தரலாம்."

மறுப்புச் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

ஜனவரியில் வகுப்பு தொடங்கிய அன்று, வள்ளியாத்தாள் பட்டுக்கரைச் சேலை கட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஆயா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "எங்க போடட்டுங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

சண்முகப்ரியா மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எனக்கு நேர் எதுக்கவே போடுங்க ஆயா."

நாற்காலி போட்டாயிற்று. மாமியார் அதில் சௌகரியமாக அமர்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் இவளையே பார்த்தாள். பின்னால் பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். சண்முகப்ரியா கையைத் தூக்கினாள். கைகள் தண்ணீருக்குள் போவதுபோல மெதுவாகப் போயின. அந்த இடம் வந்தது, போயிற்று. கழுத்து அசையவில்லை. தோள் இரண்டுந்தான் காதுவரைக்கும் ஏறி, வகுப்பு முடிகிறவரை இறங்காமலே இருந்தன.