விளம்பரம் இல்லாத ஒளிபரப்பு

அந்தக் கம்பனிக்காரரை நான் மன்னிக்கமாட்டேன். என்னையும் மன்னிக்கமாட்டேன். கோதாரி பிடித்த அந்த டிஷ்ஷைக் கம்பத்தில் ஏற்றி இறுக்கியது என்னுடைய கைதான்.

அருந்தவன் அண்ணையும் நானும் இருபத்திரண்டு வருடமாக ஒரே வான் வண்டியில் வேலைக்குப் போய்வருகிறவர்கள். அவுஸ்திரேலியாவில், இந்த டண்டினோங் பக்கம் எந்தத் தமிழ் வீட்டுக் கூரையில் டிஷ் இருந்தாலும், அதை ஏற்றிப் பூட்டியது அநேகமாக நாங்களாகத்தான் இருக்கும். தமிழ்ச் சனல்களை எல்லாரும் இணையத்தில் பார்க்கத் தொடங்கிய பிறகு, கட்டணத் தொலைக்காட்சிக் கம்பனி ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் டிஷ் பூட்டப் போனோம். அண்ணைக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஆனாலும் ஏணியில் என்னை ஏறவிடமாட்டார். படம் துல்லியமாக வரும்வரை கூரையை விட்டு இறங்கவும் மாட்டார். "காணும் அண்ணை, இறங்குங்கோ, அந்தாள் கார் ரேஸ் பாக்கத்தானே போறான்" என்று நான் கீழே நின்று கத்துவேன். "ரேஸெண்டாலும் வடிவாத் தெரியோணும் இந்திரன்" என்பார். விசர் மனுசன்.

அவருக்கும் ரஞ்சினி அக்காவுக்கும் ஒரேயொரு பிள்ளை, ராகவி. பதினைந்து வயதிலேயே ஆறடி. எங்கள் சனத்துக்கு ஆறடியில் ஒரு பெண்பிள்ளையைக் கண்டால் வாய் சும்மா இருக்குமா? "இவளுக்கு எங்க மாப்பிள்ளை தேடப்போறியள்?" என்று பெண்கள் கேட்டார்கள். மகேந்திரராஜா மாஸ்டர் வேறு விதமாகக் கேட்டார். சனிக்கிழமைகளில், கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் எடுக்கும் செலக்டிவ் பள்ளிக்கூடப் பரீட்சைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். அவருடைய வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பாத பெற்றோர் பெற்றோரே இல்லை என்பது இங்கே எழுதாத சட்டம். அண்ணை அந்த வகுப்பை நிறுத்திவிட்டு ராகவியைக் கூடைப்பந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலில், அவ்வளவு சனத்துக்கு முன்னால், மாஸ்டர் சொன்னார்: "அருந்தவன், உயரத்தை வச்சு ஒண்டும் கிழிக்கேலாது. பிள்ளையைப் பழுதாக்கிறீர்."

காரில் ஏறிய பிறகுதான் அண்ணை எனக்குச் சொன்னார். "இந்தாளை ஒருநாள் என்ர வீட்டில கூப்பிட்டு இருத்தி, ரிவியில என்ர பிள்ளையைக் காட்டாட்டி நான் அருந்தவன் இல்லை."

காட்டக்கூடிய நிலையும் வந்தது. ராகவிக்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் முழுப் புலமைப்பரிசில் கொடுத்துக் கூப்பிட்டது. கூடைப்பந்துக்காக! படிப்பு, சாப்பாடு, இருப்பிடம் எல்லாம் அவர்களுடைய செலவு. அங்கே கல்லூரி விளையாட்டு என்றால் திருவிழா மாதிரி. அதை மட்டும் காட்டுவதற்கு ஒரு சனல் இருந்தது. எங்களுடைய கம்பனி அதை இங்கேயும் காட்டியது. அந்த ஒரு சனலுக்காக அண்ணை விளையாட்டுச் சனல்கள் அத்தனையையும் வாங்கினார்.

முதல் வருடம் ராகவி ஒரேயொரு ஆட்டத்தில் நாலு நிமிடம் இறங்கினாள். ஒரு பந்தைக் கூடைக்குள் போட்டாள். அண்ணை படத்தை நிறுத்தி வைத்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார். தேடிப்பிடித்து அவளுடைய புள்ளிக் கணக்கையும் வாசித்துக் காட்டினார். அடுத்த ஆட்டத்தில் அவளை இறக்கவில்லை. அதற்கடுத்த ஆட்டத்திலும் இறக்கவில்லை. மனுசன் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்.

"என்ர கண்ணூறுதான் இந்திரன். பிள்ளையின்ர கணக்கை நான் எண்ணியிருக்கக் கூடாது."

அன்றோடு கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டார். யாராவது பார்த்துச் சொல்ல வந்தாலும் காதைப் பொத்திக்கொள்வார். கண்ணால் பார்ப்பேன், எண்ணமாட்டேன் என்றார். என்னையும் பார்க்கவேண்டாம் என்று சத்தியம் வாங்கினார். நானும் ஒரு மடையன், சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

இரண்டாம் வருடம் ஆட்டங்கள் தொடங்கிய முதல் வாரமே சனல் போய்விட்டது. நீலத் திரையில் ஒரு அறிவிப்பு மட்டும் நின்றது. சனல்காரன், ஒரு வீட்டுக்கு இத்தனை சதம் கூட்டித் தா என்று கேட்டானாம். கம்பனிக்காரன் முடியாது என்றானாம். இரண்டு பணக்காரர் சண்டை பிடித்தார்கள், அண்ணையின் வீட்டில் படம் நின்றது. அவர் போன் எடுத்தார். ஐம்பது நிமிடம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பெண் வந்து, பேச்சுவார்த்தை நடக்கிறது, உங்கள் பொறுமைக்கு நன்றி என்றாள். அதற்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு மீன்பிடிச் சனல் ஒன்றை இலவசமாகத் தருகிறோம் என்றும் சொன்னாள்.

"என்ர பிள்ளை என்ன மீனே?" என்று தமிழில் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

அடுத்த நாள் எங்களுக்கே கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. டிஷ் பூட்டப் போகும் வீடுகளில் கல்லூரிச் சனலைப் பற்றிக் கேட்டால், பேச்சுவார்த்தை நடக்கிறது என்று சொல்லவேண்டுமாம். பேர்விக் பக்கம் ஒரு வீட்டில் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் கேட்டார். அண்ணை ஏணியில் நின்றபடி அந்தப் பொய்யை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். சொல்லிவிட்டு வானுக்குள் வந்து காறித் துப்பினார்.

இணையத்தில் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். திறந்தால், உங்கள் நாட்டில் இது கிடைக்காது என்று வரும். ஏனென்றால் அவுஸ்திரேலிய உரிமை எங்கள் கம்பனியின் கையில் இருந்தது. தானும் காட்டமாட்டான், மற்றவனையும் காட்டவிடமாட்டான். யாரோ சொல்லித்தந்த குறுக்குவழி இரண்டு நாள் வேலை செய்து மூன்றாம் நாள் செத்துப்போனது. அமெரிக்காவுக்கே நேரே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நானே சொன்னேன். ராகவிதான் மறித்தாள். "சீசன் முடிய வாங்கோ அப்பா, இப்ப ஐ அம் ஸோ பிஸி" என்றாள். சனல் போனதைச் சொன்னபோதும், "இட்ஸ் ஓகே அப்பா, நீங்கள் பாக்கோணும் எண்டில்ல" என்றாள். பிள்ளையின் அடக்கத்தைப் பார் என்று அவர் பூரித்துப்போனார்.

பிறகுதான் அந்தப் பெரிய டிஷ் அவருடைய மூளைக்குள் புகுந்தது. தமிழ்ச் சங்க மண்டபத்தின் பின்வளவில் இரண்டேகால் மீற்றர் அகலத்தில் ஒன்று சும்மா கிடந்தது. அதன்மேல் பாஷன்புரூட் கொடி படர்ந்திருந்தது. ஆட்டத்தை மைதானத்திலிருந்து வானத்துச் செய்மதி வழியாக வெளியே அனுப்பும்போது அது பச்சையாகத்தான் வரும். வர்ணனையும் விளம்பரமும் இருக்காது. சனல்காரர்தான் அவற்றைச் சேர்ப்பார்கள். பசிபிக்கின் இந்தக் கரையில் வேறொரு நாட்டுக்காரன் அந்தப் பச்சைப் படத்தை வாங்கிக்கொண்டிருந்தான். அது பூட்டுப் போடாமல் வந்துகொண்டிருந்தது. பெரிய டிஷ் இருந்தால் வழியில் நாங்களும் பிடிக்கலாம்.

தை மாதம் இங்கே கோடை, முப்பத்தொன்பது பாகை வெயில். அந்த டிஷ்ஷைக் கொண்டுவந்து, அண்ணை வீட்டுப் பின்வளவில் குழி வெட்டி, கொங்கிரீட் போட்டு, கம்பம் நட்டோம். அண்ணை மீற்றரைப் பார்த்தபடி, "ஒரு மயிரிழை கிழக்கால, இன்னும், இன்னும்" என்று கத்துவார். நான் தள்ளுவேன். மூன்று வார விடுமுறை அப்படியே போனது.

மூன்றாம் ஞாயிறு நான் கம்பத்தடியில் தனியே நின்றபோது ரஞ்சினி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். கோப்பையைத் தந்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"இந்திரன், இதை வேலை செய்யாமப் பண்ணேலாதோ?"

"என்னக்கா, வளவு பழுதாப்போச்செண்டு கவலையோ?" என்று நான் சிரித்தேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒண்டுமில்லை, தேத்தண்ணி ஆறப்போகுது" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். ஒரு நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தியிருந்தால் போதும். அந்தப் பெண் வாய்விட்டுக் கேட்டதற்கு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரமே படம் வந்துவிட்டது. யாரோ இரண்டு அணிகளின் ஆட்டம். சப்பாத்துகள் தரையில் கீச்சிடும் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. அண்ணை என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். அடுத்த சனிக்கிழமை நண்பகல் ராகவியின் ஆட்டம். மாஸ்டருக்கு உடனே போன் போட்டார். "முதல்ல நாங்கள் மட்டும் பாப்பம் அண்ணை" என்றேன். "எத்தினை வருசம் காத்திருந்தனான் தெரியுமோ? நீ பேசாம இரு" என்றார்.

மாஸ்டர் மனைவியோடு சரியான நேரத்துக்கு வந்தார். அண்ணை அவரை நடுக் கதிரையில் இருத்தினார். ரஞ்சினி அக்கா சுடச்சுடப் பொரித்த ரோல்ஸ் தட்டை வைத்துவிட்டு நிலைக் கதவோடு சாய்ந்து நின்றார்.

ஐந்து பிள்ளைகள் இறங்கினார்கள். அதில் ராகவி இல்லை. "இவவைப் பிறகுதான் இறக்குவாங்கள், துருப்புச் சீட்டு மாதிரி" என்றார் அண்ணை.

ஐந்து நிமிடத்தில் முதல் இடைவேளை. சனலில் பார்த்திருந்தால் அந்த இடத்தில் காரோ காப்புறுதியோ விளம்பரமாக வந்திருக்கும். எங்களுக்கு வந்தது பச்சைப் படம். கமரா மைதானத்தை விட்டு அசையவில்லை. ஆடிய ஐந்து பேரும் ஓரத்துக்கு வந்தார்கள். ஒரு நெட்டைப் பெண் ஓடிவந்து அவர்களுக்குக் குட்டிக் கதிரைகளை விரித்து வைத்தாள். தண்ணீர்ப் போத்தல்களைக் கையில் கொடுத்தாள். ஒருத்தியின் துவாயை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றாள். அவளுக்கு இருக்க இடமில்லை.

"எங்கட ராகவி!" என்றார் மாஸ்டரின் மனைவி.

"ஓம், அதை எல்லாரும் மாறி மாறிச் செய்யிறது" என்றார் அண்ணை. குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

அடுத்த இடைவேளையிலும் அவள்தான். அதற்கடுத்ததிலும் அவள்தான். கதிரையை விரித்தாள், தண்ணீர் கொடுத்தாள், துவாயை வாங்கினாள், கதிரையை மடித்தாள். ஒருத்தி பாதி குடித்த போத்தலைப் பார்க்காமலே பின்பக்கமாக நீட்ட, ராகவி குனிந்து வாங்கினாள். டிஷ் பூட்டத் தெரிந்த எனக்கு அந்த நேரத்தில் எழும்பி வயரைப் பிடுங்கத் தெரியவில்லை.

கடைசி மூன்று நிமிடம். அவளுடைய அணி முப்பது புள்ளி முன்னால் நின்றது. வெல்லுவது நிச்சயம் என்றதும் பயிற்சியாளர் ஓரத்தில் இருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கினார். அண்ணை கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "இப்ப, இப்ப" என்று வாய் முணுமுணுத்தது. எல்லாரும் இறங்கினார்கள். முழங்காலில் கட்டுப் போட்ட ஒரு பிள்ளையும் ராகவியும் மட்டும் ஓரத்தில் மிஞ்சினார்கள். ராகவி கைதட்டிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் குத்திப் பேசியிருந்தால் அண்ணை திருப்பிப் பேசியிருப்பார். மாஸ்டர் அவருடைய தோளில் கைவைத்தார். "நல்ல பிள்ளை, அருந்தவன். பணிவான பிள்ளை." அவ்வளவுதான் சொன்னார். ரோல்ஸ் நல்லாயிருந்தது என்று சொல்லிவிட்டு மனைவியோடு போய்விட்டார்.

வாசற்கதவு மூடியதும் அண்ணை அக்காவின் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமோ?"

"தெரியும். போன முறை வந்து நிக்கேக்க என்ர மடியில கிடந்து அழுதவ. அங்க எல்லாரும் ஆறடியாம், தனக்கு இடமில்லையாம். படிப்பு முடியும்வரைக்கும் இப்பிடியே நிக்கப்போறன் எண்டவ."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"ஆரை நீங்கள் சொல்லவிட்டனீங்கள்?" அக்கா கத்தினார். இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்ட முதல் கத்தல் அது. "கண்ணூறு, கண்ணூறு எண்டு காதைப் பொத்தினீங்கள். சனல் போன அண்டைக்கு அவ எனக்குப் போன் எடுத்து, தாங்க் காட் அம்மா எண்டு அழுதவ. நீங்கள் வளவில குழி வெட்டுறீங்கள்!"

மைதானத்தில் சனம் கலைந்தபிறகும் திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தரையைக் கூட்டினார். நிறுத்தலாம் என்று நான் எழும்பும்போது போன் அடித்தது. ராகவி. அண்ணை ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, வீ வொன்! முப்பது பொயின்ற்ஸால வெண்டிட்டம்."

"அப்பிடியே பிள்ளை? நீயும் விளையாடினனீயோ?"

"ஓம் அப்பா. ஒரு பன்னிரண்டு நிமிசம்."

"கெட்டிக்காரி."

"அந்தச் சனல் திரும்ப வந்திட்டுதோ அப்பா?"

அண்ணை என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு ஏணியில் நின்று கிழவருக்குச் சொன்ன அதே குரலில் சொன்னார்: "எங்க பிள்ளை? இன்னும் பேச்சுவார்த்தையாம். இந்த வருசமும் பாக்கேலாது போல."

மறுபக்கம் அவள் மூச்சு விட்ட சத்தம் எங்கள் மூவருக்கும் கேட்டது. "பரவாயில்லை அப்பா" என்று சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்த சிரிப்பு அது.

"சரி பிள்ளை, களைச்சிருப்பாய்" என்றார் அண்ணை. "ஒரு கதிரையை எடுத்துப் போட்டு, நீ கொஞ்ச நேரம் இரு."